விற்கப்போகும் வீட்டைப் படம் எடுக்கும் முன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஃபிளாட்டை விற்கப்போகிறோம். ஹால் 14-க்கு 10 அடி. போனில் எப்படி எடுத்தாலும் ஜன்னல் வெள்ளையாக வெளிறிவிடுகிறது, ஹால் இருட்டாக விழுகிறது. நல்ல கேமரா வாடகைக்கு எடுக்கணுமா? (மடிப்பாக்கம் வாசகி)

பதில்: போனே போதும். ஜன்னலைப் பார்த்தபடி எடுத்தால் வெளியே இருக்கும் வெயிலுக்கு ஏற்ப கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், அறை கறுத்துவிடும். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ வரும்படி மூலையில் நில்லுங்கள். ஜன்னலும் படத்தில் வந்தே ஆகணும் என்றால், மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிட்டு, எச்டிஆர் (வெளிச்சமான இடமும் இருட்டான இடமும் சேர்ந்து தெளிவாக விழச் செய்யும் கேமரா வசதி) ஆன் செய்து, போன் திரையில் சுவர் தெரியும் இடத்தைத் தொட்டுவிட்டு எடுங்கள். நேர் வெயில் தரையில் விழாத நேரம்தான் அறைக்குள் எடுக்க நல்லது. கிழக்கு ஜன்னல் என்றால் காலை 11 மணிக்கு மேல். வீட்டு முகப்புக்கு இது நேர்மாறு: கிழக்குப் பார்த்த வாசலைக் காலை 8 மணி வாக்கிலும், மேற்குப் பார்த்ததை மாலை 4 மணி வாக்கிலும் எடுங்கள்.

வெள்ளை டியூப் ஒன்று, மஞ்சள் பல்பு ஒன்று, ஜன்னல் வெளிச்சம் வேறு என்று கலந்தால் ஒரே சுவர் பாதி நீலமாகவும் பாதி மஞ்சளாகவும் விழும். பகல் வெளிச்சம் போதுமானால் எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள். ஃபேனையும்தான், சுற்றும் இறக்கை கலங்கலாக விழும். அணைத்த பிறகு இறக்கையின் விளிம்பில் படிந்த தூசி பளிச்சென்று தெரியும், அதை முதல் நாளே துடைத்துவிடுங்கள்.

போனைப் படுக்கை வாட்டில், நெஞ்சு உயரத்தில், தரையிலிருந்து சுமார் 4 அடியில் சாய்க்காமல் பிடியுங்கள். கண் உயரத்தில் வைத்துக் கீழே சாய்த்தால் சுவர்களும் பீரோவும் சாய்ந்து நிற்கும். கேமராத் திரையில் குறுக்கும் நெடுக்குமாக விழும் கிரிட் கோட்டை ஆன் செய்து கதவு நிலையோடு ஒட்டிப் பாருங்கள். அறையை அகலமாகக் காட்டும் 0.5 லென்ஸ் ஆசை காட்டும். ஓரத்து சோபா இழுபட்டு, 14 அடி ஹால் 20 அடி மாதிரி தெரியும். அதை நம்பி வருகிறவர் உள்ளே நுழைந்ததும் முகம் சுளிப்பார். வேறு வழியில்லாத சின்னக் குளியலறைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸைத் துடைக்க மறக்காதீர்கள். விரல் எண்ணெய் பட்டால் படம் முழுக்கப் புகை படிந்த மாதிரி இருக்கும்.

கேள்வி: மாமியார், குழந்தைகள் என்று புழங்கும் வீடு. சமையலறையை எப்படிக் காலி செய்வது? (மதுரை வாசகி)

பதில்: மொத்த வீட்டையும் ஒரே நாளில் ஒழிக்க நினைக்காதீர்கள். பெரிய அன்னக்கூடை இரண்டு போதும். மேடைச் சாமானை அதில் அள்ளி அடுத்த அறையில் வையுங்கள். அடுப்பு மட்டும் இருக்கட்டும். 10 நிமிடத்தில் படம் எடுத்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போங்கள். பழகிய கண்ணுக்குத் தப்புபவை சில உண்டு: குழாய் வாயில் கட்டிய வடிதுணி, பிடிதுணி, தண்ணீர் கேன், பரணில் துருத்தும் அட்டைப்பெட்டி, சுவிட்சைச் சுற்றிய விரல் அழுக்கு.

போர் தண்ணீரின் உப்புக்கறைக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை நனைத்துக் குழாயில் சுற்றி 20 நிமிடம் விடுங்கள். பிறகு பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். மார்பிள், மொசைக் தரையில் வினிகர் சிந்தினால் பளபளப்பு போய்விடும். ஆசிட் குழாயின் குரோம் பூச்சையே அரித்துவிடும். ஆசிட்டோ வினிகரோ பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது ஆபத்து.

கேள்வி: படுக்கையறைச் சுவரில் ஓதம். மேலே பெயின்ட் அடித்துவிடலாமா, இல்லை போன் ஆப்பில் அழித்துவிடலாமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: இரண்டும் வேண்டாம். ஈரச் சுவரில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால், உள்ளே இருக்கும் ஈரம் உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும்; கொஞ்ச நாளிலேயே பெயின்ட் கொப்புளித்து உரியும். ஆட்கள் வீடு பார்க்க வருவதும் அந்தச் சமயத்தில்தான். தரையை ஒட்டி இரண்டு மூன்று அடி வரை மட்டும் என்றால் பெரும்பாலும் அடித்தளத்து ஈரம். கூரையோரம் என்றால் மொட்டை மாடியையோ மேல் வீட்டுக் குளியலறையையோ பாருங்கள். கசிவை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, உதிரும் பூச்சைச் சுரண்டி பிரைமர், பட்டி, மறுபடி பிரைமர், இரண்டு கோட் பெயின்ட். மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவரையும் அடியுங்கள். ஒட்டுப் போட்ட இடம் பக்கவாட்டு வெளிச்சத்தில் தனியாகத் தெரியும்.

வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் தெரியாத, உங்களுக்குத் தெரிந்த முக்கியக் குறையைச் சொல்லிவிட வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. படத்தில் வெளிச்சத்தைக் கூட்டலாம், சாய்வை நிமிர்த்தலாம். விரிசலையோ வாசல் எதிரே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரையோ அழிக்கக் கூடாது.

கேள்வி: பூஜை அறைப் படங்களைக் கழற்றணுமா? (திருச்சி வாசகி)

பதில்: தேவையில்லை. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, வாடிய பூவை எடுத்தால் போதும். கழற்ற வேண்டியவை குடும்பப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள். ஆணியில் தொங்கும் சாவிக் கொத்தையும் எடுத்துவிடுங்கள். தெளிவான படத்தைப் பார்த்தே மாற்றுச் சாவி செய்துவிடலாம். போன் கேமராவில் லொகேஷனை அணையுங்கள். பீரோக் கண்ணாடிக்கு நேரே நிற்காமல் ஓரமாக நின்று எடுங்கள்.