தெம்பிக்காய்க்குச் சுரை வேர்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறேன் ஐயா. இரண்டு முறை தெம்பிக்காய், அதாவது தர்பூசணி, போட்டேன். காய் பிடிக்கும் நேரத்தில் கொடி வாடிச் செத்துவிட்டது. வேறு செடியின் வேரில் ஒட்டுக்கட்டினால் நோய் வராது, காயும் ராட்சதமாக வரும் என்கிறார்கள். பூசணிக்கும் அப்படிச் செய்யலாமா?

பதில்: வாடிய கொடியின் அடித்தண்டைக் கத்தியால் சீவிப் பாருங்கள். உள்நார் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் ஃபியூசேரியம் வாடல்தான். அந்தப் பூஞ்சை மண்ணிலேயே பல வருடம் கிடக்கும், மருந்து ஊற்றித் தீராது. இதற்காகத்தான் ஜப்பானியர்கள் 1920களிலேயே தர்பூசணியைப் பூசணி, சுரை வேர்களில் ஒட்டினார்கள். நீங்கள் சுரையையே எடுங்கள். பூசணி வேரில் சில நேரம் பழத்தின் ருசி குறைந்துவிடும்.

ரப்பர் கன்றுக்குக் கண் ஒட்டிய கை என்றால் நல்லது. ஆனால் இங்கே உரிக்கப் பட்டை கிடையாது, தண்டோ ஈர்க்குச்சி கனம்தான். தெம்பிக்காய் விதையைப் போட்டு 5 முதல் 7 நாள் கழித்துச் சுரை விதையைப் போடுங்கள். இரண்டையும் ஒரே பையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். விதையிலைக்குக் கீழே சுரைத்தண்டை மேலிருந்து கீழாகவும், தெம்பிக்காய்த் தண்டைக் கீழிருந்து மேலாகவும் பாதிக் கனத்துக்குச் சாய்வாகக் கீறி, நாக்கோடு நாக்கைக் கோத்துக் கிளிப் போடுங்கள். சுரையின் குருத்தைக் கிள்ளிவிட்டு, ஒரு வாரம் நிழலில் பிளாஸ்டிக் போட்டு மூடி, ஈரம் காயாமல் வையுங்கள். 10 நாள் வாக்கில், ஒட்டுக்குக் கீழே தெம்பிக்காய்த் தண்டை அறுத்துவிடலாம்.

நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலேயே நிற்க வேண்டும். கொடியும் மண்ணில் வேர்விடக் கூடாது, பிளாஸ்டிக் விரிப்பில் படரட்டும். தெம்பிக்காயின் சொந்த வேர் மண்ணைத் தொட்டால் பூஞ்சைக்கு மறுபடி வழி கிடைத்துவிடும்.

பூசணிக் கதை வேறு. ராட்சதப் பூசணி வளர்ப்பவர்கள் கணுவுக்குக் கணு மண் போட்டு மூடி, வேரைக் கூட்டுவார்கள். இரண்டு கன்றை ஒட்டி ஒரே கொடிக்கு இரண்டு வேர் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் அளவைத் தருவது முதலில் விதைதான். 2023-இல் கலிபோர்னியாவில் 1,247 கிலோ நின்ற பூசணி அட்லாண்டிக் ஜயன்ட் இனம். கொடிக்கு ஒரே காய்தான் விடுவார்கள். அந்த இனத்துக்குக் குளிர்ந்த இரவு வேண்டும். நம் புழுக்கத்தில், இலை பகலில் சேர்த்ததில் நிறையவே இரவில் செலவாகிவிடும். ஆசை இருந்தால் குளிரான கேமரன் மலையில் தெரிந்தவரிடம் இரண்டு விதை கொடுத்துப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் நம்மூர் லாபுவே (சாதாரணப் பூசணி) போதும், அதற்கு ஒட்டு தேவையில்லை.

ஆங், கிள்ளிய இடத்தில், விதையிலை இடுக்கில் சுரை மறுபடி துளிர்விட்டால் உடனே கிள்ளிவிடுங்கள். ஒருமுறை நான் கவனிக்காமல் விட்டு, கடைசியில் சுரைக்காய்தான் பறித்தேன்.