ஸ்கேனில் இரண்டு வாரம் குறைந்தால் பிரசவத் தேதியைத் தள்ளலாமா?

கேள்வி: மகள் தலைப்பிரசவத்துக்கு ஒடுகத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். எடை 43 கிலோதான். 12ஆவது வாரத்தில் எடுத்த ஸ்கேன்படி இப்போது 30 வாரம். நேற்றைய ஸ்கேனில் 28 வாரம் என்று வருகிறது. தேதியை இரண்டு வாரம் தள்ளிக்கொண்டால் போதும் என்கிறார்கள். சரியா?

பதில்: தள்ளாதீர்கள் அம்மா. 12ஆவது வாரத்தில் தலை முதல் பிட்டம் வரை அளந்து போட்ட தேதி ஒரு வாரத்துக்கு மேல் தவறாது. 30 வாரத்து அளவை வைத்து வயதைச் சொன்னால் மூன்று வாரம்கூடப் பிசகும். பிள்ளை இளைத்திருந்தால் அந்த இளைப்பே 'வயது குறைவு' என்று ரிப்போர்ட்டில் வந்துவிடும். தேதியைத் தள்ளியதும் அளவு சரியாகிவிட்டது போலத் தெரியும், குறை மறைந்துபோகும். ஊட்டம் குறைந்த தாய்மார்கள் அதிகமுள்ள ஊர்களில் இந்தத் தவறு ஆபத்தானது.

(முதல் ஸ்கேன் இல்லாதவர்களுக்கு: தலைக்கு ஊற்றிய நாளைச் சொல்லாதீர்கள். உதிரம் பட்ட முதல் நாள்தான் கணக்கு. இதில் மட்டும் மூன்று முதல் ஐந்து நாள் போய்விடும்.)

ரிப்போர்ட்டில் 'ஏ.சி.' என்றிருப்பது பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவு. அதைப் பாருங்கள். ஊட்டம் போதாதபோது பிள்ளை மூளைக்குப் போகும் ரத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். ஈரலில் சேரும் சத்து குறையும், ஈரல் சிறுக்கும், வயிறு சுருங்கும். தலை 30 வாரத்துக்கு, வயிறு 27க்கு என்றிருந்தால் கவனம் தேவை.

ஆனால் கை தவறுவதும் இந்த அளவில்தான். படத்தில் வயிறு வட்டமாக இருக்க வேண்டும். இரைப்பை கறுப்புக் குமிழாகவும் தொப்புள் நாளம் ஈரலுக்குள் வளைவதும் தெரிய வேண்டும். சிறுநீரகம் தெரியக் கூடாது. கருவியை அழுத்தினால் வயிறு முட்டை வடிவமாகும், சாய்வாக வெட்டினால் அளவு கூடிவிடும். நல்ல கையிலும், இந்த அளவுகளை வைத்துக் கணித்த பிள்ளையின் எடை 15 சதவீதம் வரை ஏறி இறங்கும்: 1,200 கிராம் என்றால் 1,020 முதல் 1,380 வரை எதுவாகவும் இருக்கலாம்.

அதனால் ஒரு ஸ்கேன் பருமனைத்தான் சொல்லும், வளர்ச்சியைச் சொல்லாது. இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில், அதே வளர்ச்சி அட்டவணையை வைத்து மறுபடி எடுங்கள். இந்த மாதத்தில் வயிறு வாரத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் கூட வேண்டும். ஒரு வாரத்திலேயே எடுத்தால் அந்த வித்தியாசம் கைப்பிழைக்குள் அடங்கிவிடும்.

'தாய் ஒல்லி, பிள்ளையும் அப்படித்தான்' என்று விடுவதை நாங்கள் ஏற்கவில்லை. 2014இல் வெளிவந்த இன்டர்குரோத் என்னும் சர்வதேசக் கரு வளர்ச்சி அளவுகளுக்காக அளந்த எட்டு நாட்டுத் தாய்மார்களில் நாக்பூர்ப் பெண்களும் உண்டு. அவர்கள் எல்லாரும் நல்ல ஊட்டமுள்ளவர்கள். பசியில் வளர்ந்த பிள்ளையை நம் ஊர் இயல்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு வாரம் காத்திருப்பது அடுத்த அளவுக்குத்தான். ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், பனிக்குட நீர், தொப்புள்கொடி டாப்ளர் (கொடியில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) ஆகியவற்றை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்; அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். இரு துடிப்புக்கு நடுவிலும் கொடியில் ரத்தம் முன்னோக்கி ஓட வேண்டும். ஓட்டம் நின்றாலோ திரும்பினாலோ அன்றே அட்மிட் ஆக வேண்டும்.

முட்டை, பருப்பு, அங்கன்வாடிச் சத்துமாவு, இரும்புச்சத்து மாத்திரை எதையும் விடாதீர்கள். பீடி சுற்றும் வேலை இருந்தால் நிறுத்துங்கள். நஞ்சுக்கொடியே பழுதென்றால் சாப்பாடு மட்டும் ஈடுகட்டாது. பிள்ளையின் அசைவு குறைந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.