போர்க்கால விமானிகள் சொல்லும் "ஷூட்டிங் எ லைன்" என்றால் என்ன?

இரண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் விமானிகளின் நினைவுக்குறிப்புகளில் "ஷூட்டிங் எ லைன்" என்று அடிக்கடி வருகிறதே, யாரைச் சுடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். யாரையும் இல்லை, பீலா விடுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். இன்றைய இங்கிலாந்தில் பழைய ஆட்கள் வாயில்தான் இது வரும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் "லைன் புக்". பல ஸ்க்வாட்ரன்களில் (விமானப்படைப் பிரிவுகளில்) இதற்கென்றே ஒரு நோட்டு இருந்தது. யாராவது ஓவராக அளந்துவிட்டால் மறுத்துப் பேசி மல்லுக்கட்ட மாட்டார்கள், நோட்டை எடுத்து அவர் சொன்னதை அப்படியே எழுதி, தேதி போட்டு, கேட்டவர்கள் சாட்சிக் கையெழுத்தும் போட்டுவிடுவார்கள். அதன்பிறகு வருகிறவன் போகிறவன் எல்லாம் அதைப் படித்துச் சிரிப்பான்.

அந்தக் காலப் பீலாக்களில் பிரபலமானது இது: "தலைகீழாகப் பறக்கிறேன், மீட்டரில் கம்பெனி பெயரைத் தவிர ஒன்றுமே இல்லை!" அதாவது முள் சுழியத்துக்கு வந்துவிட்டது, டயலில் படிக்க மிச்சமிருப்பது அதைச் செய்தவன் பெயர்தான். விஷயம் தெரிந்தவர்களுக்கு இதில் கூடுதல் சிரிப்பு உண்டு. 1940-இல் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானங்கள் இரண்டிலும் இருந்த மெர்லின் என்ஜினின் கார்புரேட்டர் (எரிபொருளைக் காற்றோடு கலந்து கொடுக்கும் பாகம்) மிதவை வைத்தது, மூக்கைச் சட்டென்று கீழே குத்தினாலே என்ஜின் திணறும், இதில் தலைகீழாக எங்கே நிதானமாகப் பறப்பது? பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் துளை போட்ட சின்னத் தகடு ஒன்றை வைத்து 1941-இல்தான் அந்தத் திணறலைப் பெருமளவு அடக்கினார்.

வேடிக்கை என்னவென்றால், மெஸ்ஸில் (விமானிகள் சாப்பிட்டு அரட்டையடிக்கும் இடத்தில்) ஒருவன் ஒன்றை இரண்டாகச் சொன்னால் நோட்டில் ஏறிவிடும், ஆனால் 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தினோம் என்று அரசாங்கமே அறிவித்தது. பின்னால் ஜெர்மன் கணக்கைப் பார்த்தால் அறுபதை ஒட்டித்தான் வருகிறது. அது வேண்டுமென்றே விட்ட கதை இல்லை. ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டால் மூன்று பேரும் தன் கணக்கில் எழுதிக்கொள்வார்கள், அந்த வேகத்தில் யார் சுட்டு எது விழுந்தது என்று எப்படித் தெரியும்?

சரி, பீலாவுக்கு ஏன் இவ்வளவு கிண்டல்? எதிரே உட்கார்ந்து கேட்பவனும் அதே வானத்தில் பறந்துவிட்டு வந்தவன், அவனிடம் போய் ஜம்பம் அடித்து என்ன ஆகப்போகிறது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். குண்டுவீச்சுப் பிரிவில் மட்டும் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். ஒருவருடைய முதல் பணிச்சுற்று முடிய 30 முறை குண்டுவீசப் போய்வர வேண்டும். நேற்று இரவு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் இன்று இல்லாத இடத்தில் "நான் யார் தெரியுமா" என்று ஆரம்பித்தால் எடுபடாது. அதனால் தன் வீரத்தைச் சொல்ல வேண்டி வந்தாலும் வேண்டுமென்றே நம்பமுடியாத அளவுக்கு ஊதிச் சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவார்கள். நீங்கள் படிக்கும் பக்கத்தில் அந்தச் சொல் வந்தால், சொல்கிறவர் முறைக்கிறாரா சிரிக்கிறாரா என்று பாருங்கள், பெரும்பாலும் சிரிப்பாகத்தான் இருக்கும்.