வாசகர் கேள்வி – பதில்: மங்கிப்போன வைரத் தோடு

கேள்வி: மாமியார் போட்ட ஏழு கல் வைரத் தோடு. முன்பு இருந்த ஒளி இப்போது இல்லை. உப்புக்காற்று வைரத்தை அரித்துவிட்டதா? – வாசகி, கீழக்கரை

பதில்: உப்புக்காற்று வைரத்தைத் தொடாது. வைரத்தில் ஒவ்வொரு கரி அணுவும் தன்னைச் சுற்றி நாலு அணுக்களை இறுகப் பிடித்திருக்கிறது. உப்புக்கு அங்கே வேலையே இல்லை. உங்கள் தோட்டை மங்கவைத்தது பெரும்பாலும் தேங்காய் எண்ணெய். வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய்ப் பசை ஒட்டினால் விடாது. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கத்தில் கிரீஸ் தடவிய மேசைமேல் தண்ணீரோடு மண்ணை ஓடவிட்டுத்தான் வைரத்தைப் பிரித்தார்கள். மற்ற கல்லெல்லாம் ஓடிவிடும், வைரம் ஒட்டிக்கொள்ளும்.

தோட்டைத் திருப்பிப் பாருங்கள். கல்லின் அடியில் எண்ணெயும் சோப்பும் பவுடரும் சேர்ந்து பழுப்பாக அடைந்திருக்கும். மேலே நுழைந்த ஒளி அடிப்பட்டைகளில் பட்டுத் திரும்பினால்தான் கல் மின்னும். அடி சுத்தமாக இருந்தால், 24 டிகிரிக்கு மேல் சாய்ந்து விழும் ஒளி முழுதும் திரும்பும். எண்ணெய் படிந்தால் அந்த எல்லை சுமார் 37 டிகிரி ஆகிவிடும். இடைப்பட்ட ஒளியில் ஒரு பகுதி கீழே கசிந்துபோகும்.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் மூன்று சொட்டு விட்டு அரை மணி ஊறவையுங்கள். குழந்தைகளின் பல் துலக்கும் பிரஷால் பின்பக்கத்திலிருந்து தேயுங்கள். டீ வடிகட்டியில் வைத்து அலசினால் கல் கழன்றாலும் தொலையாது. கடைசி அலசல் குடிதண்ணீரில். உப்புக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் நிற்கும். பற்பசையும் சாம்பலும் தங்கத்தைக் கீறும். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள்: தங்கத்தில் கலந்த உலோகத்தைக் குளோரின் அரித்து, கல்லைப் பிடிக்கும் கொக்கியில் வெடிப்பு விழும். அடி மூடிய பழைய கட்டுமானமாக இருந்தால் ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

முத்து நகையை வைரத்தோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். முத்து சுண்ணாம்பு வகை, வைரம் உரசினால் கீறிவிடும்.

கேள்வி: அசல் வைரம் சுத்தியல் அடிக்கும் உடையாதாமே, பழைய மூக்குத்திக் கல்லை அப்படிச் சோதிக்கலாமா? – வாசகர், இராமேஸ்வரம்

பதில்: தயவுசெய்து வேண்டாம். கீறல் விழாது என்பது வேறு, உடையாது என்பது வேறு. நாலு திசைகளில் வைரம் சுலபமாகப் பிளக்கும். அசல் கல்லே ஓர் அடியில் இரண்டாகும். வாயால் ஊதிப் பாருங்கள். செம்பைவிடப் பல மடங்கு வெப்பம் கடத்துவதால் வைரத்தில் ஆவி சட்டென்று மறையும், சிர்க்கோனியா என்ற செயற்கைப் போலிக் கல்லில் சற்று நிற்கும். மாய்சனைட் என்ற இன்னொரு போலிக் கல் இதில் வைரம் போலவே நடந்து ஏமாற்றும். பத்து மடங்கு லென்ஸில் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் அதன் அடிப்பட்டை விளிம்புகள் இரட்டையாகத் தெரியும், வைரத்தில் ஒற்றைதான்.

கேள்வி: தோட்டின் தண்டு உடைந்துவிட்டது. கல்லோடு பற்றவைக்கலாமா? – வாசகி, தொண்டி

பதில்: கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். காற்றில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வைரத்தின் மேற்பரப்பு எரிந்து பால் போல வெளுக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது, மறுபடி பட்டை தீட்ட வேண்டும், எடையும் குறையும். கழற்ற வழியில்லை என்றால் போரிக் பவுடரைச் சாராயத்தில் குழைத்துக் கல்மேல் பூசிக் காயவிட்ட பிறகே நெருப்புக் காட்ட வேண்டும். சூட்டோடு தண்ணீரில் போடக்கூடாது.