பழைய லேப்டாப்பில் 40 சதவீதம் சார்ஜ் காட்டும்போதே திடீரென அணைந்துவிடுகிறது. பேட்டரியை மாற்றுவதா, லேப்டாப்பையே மாற்றுவதா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்களுடையது நாலைந்து வருட லேப்டாப், பெரும்பாலும் சார்ஜரிலேயே கிடக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் ஆய்வேடு டைப் செய்து கொடுப்பவன். ஒருநாள் கரண்ட் போயிருந்த நேரம், 38 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த திரை பட்டென்று கறுத்துவிட்டது. கடையில் கொடுத்தால், பின்மூடியின் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் "போர்டு போச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எல்லாக் கடைக்காரர்களையும் சொல்லவில்லை, திறந்து பார்க்காமல் விலை சொல்பவர்களை மட்டும்தான் சொல்கிறேன்.

பேட்டரிக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. உள்ளே போகும், வெளியே வரும் மின்சாரத்தை எண்ணி அது போடும் கணக்குதான் நீங்கள் பார்க்கும் சதவீதம். பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு லித்தியம் செல்லும் முழுதாக நிறையும்போது 4.2 வோல்ட் அளவில் இருக்கும், காலியாகும்போது 3 வோல்ட் பக்கம் இறங்கும். நடுவில் வோல்ட் பெரிதாக மாறாது. அதனால் சிப் தன் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள அந்த இரண்டு முனைகள்தான் வழி. எப்போதும் சார்ஜரிலேயே இருந்தால் கீழ்முனையை அது பார்ப்பதே இல்லை. செல் தேய்ந்துகொண்டே போகும், கணக்கு பழையதாகவே நிற்கும்.

விண்டோஸ் என்றால் கமாண்ட் பிராம்ப்டில் powercfg /batteryreport என்ற கட்டளையைக் கொடுங்கள், ஒரு அறிக்கை வரும். எனக்கு டிசைன் கெப்பாசிட்டி, அதாவது புதிதில் பேட்டரி தாங்கும் அளவு, 48,000 மில்லிவாட் ஹவர்; ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி, அதாவது இப்போது தாங்குவதாகச் சிப் நினைக்கும் அளவு, 41,000 என்று இருந்தது. சிப்பின் கணக்கைச் சரிசெய்யும் கேலிபிரேஷன் (செய்முறை கீழே) முடிந்ததும் அந்த 41,000 என்பது 25,500 ஆகிவிட்டது. 38 காட்டும்போது அணைந்தது என்றால் செலவானது 62 சதவீதம்தான்; 41,000-இல் 62 சதவீதம் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய அதேதான் வரும். மீதி 38 சதவீதம் பேட்டரியில் இருக்கவே இல்லை. போர்டுக்கு ஒன்றும் இல்லை.

செய்முறை இதுதான். 100 வரை ஏற்றி, ஓரிரு மணி நேரம் சார்ஜரிலேயே விடுங்கள். வேலையை எல்லாம் சேமித்துவிட்டு, ஸ்லீப்பை நிறுத்தி, சார்ஜரைக் கழற்றித் தானாக அணையும்வரை ஓட விடுங்கள். கொஞ்ச நேரம் ஆறவிட்டு, இடையில் நிறுத்தாமல் மறுபடி 100 வரை ஏற்றுங்கள். சில கம்பெனிகளின் சொந்த ஆப்பிலேயே இதற்கு ஒரு பட்டன் உண்டு, இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தால் மட்டும் இதில் எதையும் செய்யாதீர்கள். பேட்டரி வீங்கியிருக்கிறது, உடனே கழற்ற வேண்டும்.

லித்தியத்தை முழுதாக வடியவிடலாமா என்று யாராவது கேட்பீர்கள். தினமும் கூடாது, சரிதான். ரெண்டு மூணு மாதத்துக்கு ஒருமுறை செய்வதால் குடி முழுகிவிடாது. இதனால் பேட்டரிக்கு ஆயுள் கூடும் என்றும் நான் சொல்லவில்லை, காட்டும் எண் உண்மையாகும், அவ்வளவுதான்.

அன்று கரண்ட் போனதில் எனக்குப் போனது ஒரு அத்தியாயம் முழுவதும் செய்த எழுத்துரு மாற்றம். இத்தனை வருடம் கழித்தும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பைக் கொண்டுவந்து "நாளைக்கு வேணும் அண்ணே" என்று நிற்கிறார்கள். எல்லாக் கணினியிலும் படிக்க முடிகிற பொது முறையான யூனிகோடுக்கு மாற்றினால் ஒற்றெழுத்தும் கொம்பும் சிதறிப்போகும், வரி வரியாக உட்கார்ந்து திருத்த வேண்டும். அந்த உழைப்புக்குத் தனியாகக் காசு கேட்டால் முகம் மாறுகிறது. ஆய்வேட்டை யூனிகோடில்தான் அடிக்க வேண்டும் என்று கல்லூரிகளாவது கண்டிப்பாகச் சொல்லக்கூடாதா?

சரி, பேட்டரிக்கு வருகிறேன். கேலிபிரேஷனுக்குப் பிறகும் பாதியில் அணைந்தால் உள்ளே ஏதோ ஒரு செல் பலவீனமாகிவிட்டது என்று அர்த்தம். வரிசையில் ஒரு செல் படுத்தாலே மொத்த பேட்டரியும் நின்றுவிடும். அப்போது பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். வாங்கும்போது லேபிளில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், மாட்டிய அன்றே அந்த அறிக்கையை மறுபடி எடுங்கள். ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி டிசைன் அளவைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் பில்லோடு போய்த் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.