ஜப்பானில் இப்போதும் இயற்கைக் காட்சி வரைகிறார்களா? யாரைப் பார்க்கலாம்?

அந்தக்கால இயற்கைக் காட்சி ஓவியர்களான ஹொக்குசாய், ஹிரோஷிகே காலத்தோடு அது முடிந்துவிட்டதா, இப்போது எல்லாம் அனிமேதானா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியவில்லை. ஒருவரை மட்டும் பார்க்கச் சொன்னால் ஹிரோஷி சென்ஜுவைச் சொல்வேன். 1958இல் டோக்கியோவில் பிறந்தவர், அதிகம் வரைந்தது அருவி. 1995இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் சிறப்பு அங்கீகாரம் வாங்கித் தந்ததும் ஓர் அருவிதான்.

நிமிர்த்தி வைத்த பலகையின் உச்சியிலிருந்து வண்ணத்தை ஊற்றி வழியவிடுகிறார். நிஜ அருவியை எது கீழே இழுக்கிறதோ அதுவேதான் இங்கே வண்ணத்தையும் இழுக்கிறது, அதனால் அந்த வெள்ளைக் கோடுகளில் தூரிகையின் தயக்கம் எங்கும் தெரியாது. அடியில் எழும் சாரலுக்கு மட்டும் தெளிப்பான்.

சென்ஜு வரைகிற இந்த ஜப்பானிய ஓவிய மரபுக்கு நிஹோங்கா என்று பெயர். அசுரைட், மாலகைட் போன்ற கற்களை இடித்த பொடிதான் நீலமும் பச்சையும், வெள்ளைக்குச் சிப்பி ஓட்டுத் தூள். இவற்றைத் தாளில் ஒட்டவைப்பது விலங்குத் தோல் பசை, நம் தச்சர்கள் காய்ச்சிய வஜ்ஜிரம் மாதிரி. ஒரே கல்லைக் கொரகொரப்பாக இடித்தால் அடர்ந்த நிறம், நைஸாக அரைத்தால் வெளிர் நிறம். அந்தப் பொடி விளக்கொளியில் லேசாக மினுங்கும். போன் திரையில் இது சுத்தமாகத் தெரியாது, அதனால் இணையத்தில் படத்தைப் பார்த்துவிட்டு "வெறும் வெள்ளைக் கோடுதானே" என்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அவருடைய எல்லாமே பிடிக்கும் என்றில்லை. புற ஊதா விளக்கில் ஒளிரும் நீல அருவிகள் எனக்கு ஹோட்டல் லாபி அலங்காரம் போலத்தான் படுகின்றன. மலைப்பாறை ஓவியங்கள் வேறு ரகம்: தாளைக் கசக்கி, அந்த மடிப்புகளில் வண்ணம் ஓடவிட்டு எழுப்பியவை. கோயாசான் மலையில் கொங்கொபுஜி கோயிலின் நகரும் கதவுகளுக்கு 2020இல் பாறையும் அருவியுமாக வரைந்து கொடுத்தார்.

அப்புறம், சற்று முந்தைய தலைமுறையில் ஹிகாஷியாமா காயி. 1950இல் வரைந்த 'சாலை' என்ற ஓவியத்தில் ஒரு பாதை, இரு பக்கமும் புல், மேலே கொஞ்சம் வானம், அவ்வளவுதான். டோக்கியோ தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது, ஆனால் எப்போதும் சுவரில் மாட்டியிருக்க மாட்டார்கள்.

சென்ஜுவுக்குத் தனி அருங்காட்சியகமே கருயிசாவாவில் இருக்கிறது, 2011இல் திறந்தது. ரியுஎ நிஷிசாவா வடிவமைத்த கட்டடம், தரையே அந்த நிலத்தின் சரிவோடு இறங்கும். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், தேதி பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.