வாசகர் கேள்வி: குளம்பு நோய் வந்த குதிரையை வாங்கலாமா?

கேள்வி: டாக்டர் அண்ணாச்சி, நமக்கு அம்பாசமுத்திரம் பக்கம், விவசாயம். பையன் பத்தாவது படிக்கிறான், குதிரை ஏறப் பழகியவன், சொந்தமாக ஒன்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். திசையன்விளைப் பக்கம் ஒருவரிடம் கத்தியவார் கலப்பில் ஒரு பெட்டைக் குதிரை இருக்கிறது, 9 வயதாம், 80,000 சொல்கிறார். 2 வருஷத்துக்கு முன்னால் முன்னங்கால் குளம்பு இரண்டும் சூடாகி நடக்க முடியாமல் கிடந்ததாம், லேமினைட்டிஸ் என்றார்களாம். போன வருஷம் ஒரு தடவை வயிற்று வலி வந்து ஊசியில் சரியானதாம். எல்லாம் அவரே சொன்னதுதான். இப்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. முன்பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள் தம்பி. விற்கிறவர் தானாக வாய் திறந்து சொன்னது நல்லதுதான், ஆனால் அவர் சொன்ன இரண்டு நோயும் ஒன்றுபோல இல்லை. வயிற்று வலியை நான் பெரிதாக எடுக்க மாட்டேன், குளம்புதான் எனக்கு இடிக்கிறது.

குதிரைக்கு வாந்தி வராது, உள்ளே போனது பின்னால்தான் வெளியேற வேண்டும், அதனால் வயிற்று வலி நல்ல குதிரைக்கும் எப்போதாவது வருவதுதான். அதுவும் அந்தப் பக்கம் தேரி மண். தீவனத்தைத் தரையில் போட்டால் புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கிவிடும். புது லத்தியில், அதாவது சாணத்தில், ஏழெட்டு உருண்டை எடுத்துக் கண்ணாடி மாதிரிப் பையில் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கொஞ்ச நேரம் தொங்கவிடுங்கள், அடியில் மணல் கரண்டிக் கணக்கில் இறங்கினால் சந்தேகம் அதன் மேல்தான், உங்கள் வீட்டில் தொட்டியில் தீவனம் வைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. அடிவயிற்று நடுக்கோட்டில் தையல் தழும்பு இருக்கிறதா என்று மட்டும் குனிந்து பாருங்கள், இருந்தால் ஊசியில் சரியானது என்ற கதை நிற்காது.

இனி குளம்பு. உள்ளே இருக்கிற எலும்பைக் குளம்புச் சுவரோடு பிடித்து வைத்திருக்கிற மெல்லிய அடுக்குகள் அழற்சியில் பிடி விட்டுப்போவதுதான் லேமினைட்டிஸ். பிடி தளர்ந்தால் உடம்புப் பாரத்தில் எலும்பு உள்ளுக்குள்ளேயே சாயும். ஒரு தடவை வந்த குதிரைக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம், நான் தயங்குவது அதனால்தான்.

அவர் சொல்கிற கணக்கைக் குளம்பிலேயே சரிபார்க்கலாம். குளம்பு மாதத்துக்குச் சுமாராக 1 சென்டிமீட்டர் வளரும், மேல் விளிம்பில் முளைத்தது முன்னால் தரையைத் தொட ஒரு வருஷம் போல ஆகும். நோய் வந்த குளம்பில் வளையம் விழும், அந்த வளையங்கள் முன்பக்கம் நெருங்கியும் குதிகால் பக்கம் அகன்றும் இருக்கும். 2 வருஷத்துக்கு முன்னால் வந்து போனது என்றால் அந்தத் தடம் முழுக்கத் தேய்ந்து போயிருக்க வேண்டும். இன்னும் அப்படி வளையம் தெரிந்தால் நடுவில் திரும்ப வந்திருக்கிறது, இல்லை சாய்ந்த எலும்பு சரியாகவே இல்லை. எண்ணெய் பூசி மினுக்கியிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள், விரலால் தடவினாலே தட்டுப்படும்.

முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், காலையில் கொட்டிலைவிட்டு வெளியே வருவதற்கு முன்னால் போய் நில்லுங்கள். வலி ஊசி போட்டு நொண்டலை மறைக்கிற வேலை எல்லா ஊரிலும் நடக்கிறது, இவர் அப்படிச் செய்வார் என்று சொல்லவில்லை, ஆனால் நான்கைந்து நாள் கழித்து இன்னொரு தடவையும் திடீரென்று போனால் தெரிந்துவிடும். முன்னங்காலை முன்னால் நீட்டி பாரத்தைப் பின்னால் போட்டு நிற்கிறதா, சிமெண்ட் தரையில் இறுக்கி வட்டமாகத் திருப்பும்போது கூசுகிறதா என்று பாருங்கள். மணலில் நடத்திக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், மணலில் நொண்டிக் குதிரையும் ஒழுங்காக நடக்கும்.

பல்லையும் பாருங்கள், தானம் கொடுத்த மாடா இது, காசு கொடுத்து வாங்குகிறோம். மேல்வரிசை முன்பற்களில் ஓரப்பல்லின் வெளிப்பக்கம் ஒரு பள்ளக்கோடு சுமார் 10 வயதில் தொடங்கி 15 வாக்கில் பாதிப் பல் வரை இறங்கும். துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் பாதி இறங்கிய கோட்டை வைத்துக்கொண்டு 9 வயது என்றால் நம்பாதீர்கள்.

இதெல்லாம் தேறினாலும் குளம்பைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்காமல் முடிவு செய்யாதீர்கள். விற்கிறவர் கூட்டி வருகிற டாக்டர் வேண்டாம். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள், செலவு உங்களுடையதாக இருக்கட்டும். அப்படியே ரத்தமும் கொடுங்கள், மாட்டு ஈ கடியில் பரவுகிற சர்ரா என்கிற ரத்த ஒட்டுண்ணி நோய் உடம்பில் ஒளிந்திருந்து பிறகு காய்ச்சலாகக் கிளம்பும்.

எக்ஸ்ரேயில் எலும்பு சாயவில்லை, குளம்பிலும் வளையம் இல்லை என்றால் வாங்கலாம், ஆனால் பையன் மெதுவாக ஏறிப்போகத்தான், வண்டிப் பந்தயத்துக்கு இல்லை. எலும்பு சாய்ந்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

அதற்கும் முன்னால் உங்களிடம் ஒரு கேள்வி, குளம்பு யார் வெட்டுவார்? ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு சீர் செய்தாக வேண்டும், இந்த மாதிரிக் குதிரைக்குத் தள்ளிப்போடவே கூடாது. நம்ம பக்கம் லாடம் அடிக்கிறவர்கள் மாட்டுக்குப் பழகியவர்கள், பிளந்த குளம்புக்கு இரண்டு தகடு அடிக்கிற கையை நம்பிக் குதிரைக் குளம்பைக் கொடுக்க முடியாது. ஆள் கிடைத்த பிறகு குதிரையைப் பற்றிப் பேசுங்கள்.

உங்களுடையது நெல் விளைகிற ஊர் என்பதும் ஒரு கவலை. ஒரு ராத்திரி கட்டை அறுத்துக்கொண்டு களத்து நெல்லில் வாய் வைத்தால் போதும், அந்த மாவுச்சத்தில் பழைய நோய் திரும்பிவிடும். மிச்சச் சோறு, பொங்கல், வெல்லம் எதுவும் கூடாது, வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம். மாட்டுக்குப் போடுகிற கோ-4 புல்லையே முழுத் தீவனமாகப் போடுவதும் தப்பு, அதில் இருக்கிற ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் ஒட்டவிடாது, நாளடைவில் முக எலும்பு வீங்கும்.

கேள்வி: பார்த்து வைத்த குதிரைக்குச் சுழி சரியில்லை என்று மாமனார் தடுக்கிறார். சுழிக்கும் நோய்க்கும் சம்பந்தம் உண்டா?
— ஒரு வாசகி, களக்காடு

பதில்: கிடையாதும்மா, அது மயிர் வளர்கிற திசை, அவ்வளவுதான். ஆனால் நாளைக்கு நீங்கள் விற்கப் போனால் வாங்க வருகிறவரும் சுழி பார்ப்பார், விலையைக் குறைப்பார். அதைச் சொல்லி இப்போதே நீங்களும் குறைத்துக் கேளுங்கள்.